அட்டையில் எழுதாத வியாதி

எனக்கு வந்த வியாதியின் பெயர் ஹெர்பிஸ். வெளியே காட்ட முடியாத இடத்தில் வருகிற ஹெர்பிஸ். "ஒரு கொடிய வியாதின்னு மட்டும் எழுதிக் குடும்மா, பேரு எதுக்கு" என்று, சபைப் பத்திரிகைக்கு என் சாட்சியை எழுதச் சொன்ன எங்கள் பாஸ்டரம்மா கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். பெயரைச் சொல்லாமல் இருந்ததால்தான் என் பிள்ளை பிறக்கும்போதே சாகப் பார்த்தது. முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மற்றவர்கள் கேளுங்கள். கர்த்தர் எனக்கு உதவி செய்தார். எப்படிச் செய்தார் என்பதை உள்ளபடி சொல்கிறேன்.

கல்யாணமாகி ஏழாவது மாதம். நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஒரு ரோலிங் மில்லில் உலைக்குப் பக்கத்தில் வேலை. ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் வந்தது. மறுநாள் கீழே கொப்புளம். மூன்றாம் நாள் கொப்புளம் உடைந்து புண்ணாகிவிட்டது. சிறுநீர் போனால் மிளகாய்த் தூளைக் கொட்டியது போல எரிந்தது. கம்பெனி பாத்ரூமில் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரே குடிக்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் சூட்டுக் கொப்புளம் என்று சொல்லி ஒரு களிம்பு வாங்கிப் போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் டாக்டரிடம் போக பயம். யாராவது பார்த்துவிடுவார்கள். எனக்கு அம்மா இல்லை. அண்ணன் வீடு திருவள்ளூர் பக்கம் திருப்பாச்சூரில் இருக்கிறது. அண்ணனைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லி, இரண்டு பஸ் மாறி, திருவள்ளூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். அவர்கள் பார்த்தார்கள். டெஸ்ட் எடுத்தார்கள். பிறகு பெயரைச் சொன்னார்கள்.

"இது நரம்புல போய் ஒளிஞ்சிக்கும்மா. உடம்பு அசந்த நேரம் திரும்ப வரும். முழுசா போகாது. ஆனா மாத்திரை போட்டா அடக்கி வெக்கலாம். இதால நீ சாக மாட்ட, பயப்படாத."

முழுசா போகாது என்ற வார்த்தைக்குப் பிறகு அவர்கள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரைப் பிடித்துக் கேட்டேன். முதலில் தெரியாது என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"கண்ணாலத்துக்கு மின்ன ஒரு வாட்டி... தப்புப் பண்ணிட்டேன். அப்புறம் கொப்புளம் வந்துச்சி. மில்லுல அல்லாருக்கும் சூட்டுக்கு கொப்புளம் வருது. எனக்கும் அதான்னு நெனச்சிக்கினேன்."

"யாரையாவது கேட்டா இன்னா? வாயில இன்னா வெச்சிருந்த? ஒரு டாக்டராண்ட போய்க் காட்டியிருந்தா இன்னா?"

கையில் சப்பாத்திக் கட்டை இருந்தது. அடித்தேன். வாங்கிக்கொண்டார். அதற்காக நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னித்தேனா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: பெரும்பாலும் மன்னித்துவிட்டேன். சில நாள் மன்னிக்கவில்லை.

அந்த வருடம் எட்டுத் தடவை வந்தது. மாதவிலக்குக்கு முன்னால் வரும். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தால் வரும். வருவதற்கு ஒரு நாள் முன்னால் அந்த இடத்தில் ஊசி குத்துவது போல ஒரு குறுகுறுப்பு வரும். இத்தனை தடவை வந்தால் தினமும் மாத்திரை போடவேண்டும் என்று டாக்டர் சொன்னார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று. போட்டேன். நான்கு மாதம் ஒன்றும் வரவில்லை. அப்படியே போயிருக்கலாம். என் மாமியார் மாத்திரையைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடி இது? கொயந்த வாணாம்னு மாத்திர துன்றியா?"

"இல்ல அத்தை, சத்து மாத்திர."

"சத்து மாத்திரைய எதுக்கு துணிக்கு அடியில ஒளிச்சி வெக்கிற? ரெண்டு வருசம் ஆவப்போவுது. ஊரே கேக்குது. நீ சத்து ஏத்திக்கினு இரு."

உண்மையைச் சொல்ல முடியவில்லை. மாத்திரையை நிறுத்தினேன். அதற்கு ஒரு காரணம் மாமியார். இன்னொரு காரணம் எங்கள் சபையில் பெண்கள் ஜெபம் நடத்துகிற ரோசம்மா அக்கா. சபையில் ஒரு பெட்டி இருக்கிறது. ஜெப விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதி அதில் போடுவோம். நான் "சரீர பெலவீனம்" என்று எழுதிப் போட்டேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ரோசம்மா அக்கா என் தலையில் கை வைத்து, தலைவலி போகட்டும், ரத்தம் ஊறட்டும் என்று கண்ணீரோடு ஜெபித்தார்கள். எனக்கு ரத்தம் நன்றாகத்தான் இருந்தது. மாத்திரை சாப்பிடுகிறேன் என்று மட்டும் அவர்களிடம் சொன்னேன்.

"மாத்திரையையே நம்பிக்கினு இருந்தா கர்த்தர் எந்தப் பக்கமா உள்ள வருவாரு? தூக்கிப் போடும்மா."

தூக்கிப் போட்டேன். பதினோராம் நாள் காய்ச்சலோடு திரும்ப வந்தது. அக்கா மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவர்களுக்கு என்ன வியாதி என்றே தெரியாது. சொல்லாதவள் நான்.

அடுத்த ஆடி மாதம் நான் கர்ப்பமானேன். வீட்டில் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம். திருவள்ளூர் டாக்டரிடம் ஓடினேன். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. பிரசவ நேரத்தில் புண் இருந்தால் குழந்தை வெளியே வரும்போது அதற்கு ஒட்டலாம். பிறந்த குழந்தை தாங்காது. மூளைக்குப் போகலாம். உயிர் போகலாம். அதனால் கடைசி மாதம் தினமும் மூன்று வேளை மாத்திரை போடவேண்டும். வலி வரும்போது புண்ணோ, அந்தக் குறுகுறுப்போ இருந்தால் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் சுகப்பிரசவமே ஆகலாம்.

"உன் அட்டையில எழுதிடறேன். பிரசவம் பாக்கறவங்களுக்குத் தெரியணும்" என்று பேனாவை எடுத்தார்கள்.

நான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற அட்டையை, வீட்டுக்குப் போனதும் என் மாமியார்தான் வாங்கித் தன் பையில் வைத்துக்கொள்வார். மாதாமாதம் நர்ஸிடம் கொடுத்து எடை எவ்வளவு, ரத்தம் எவ்வளவு என்று வரிக்கு வரி கேட்பார். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் காட்டுவார்.

"வேணாம் டாக்டர். என் வாழ்க்கையே போயிடும்."

வெகுநேரம் பேசிப் பார்த்தார்கள். நான் அழுதேன். கடைசியில் பேனாவை மூடினார்கள். "அப்ப நீதான் சொல்லணும். வலி வந்து உள்ள போன உடனே, முதல் வார்த்தையா சொல்லணும். சத்தியம் பண்ணு." சத்தியம் செய்தேன். என் வாழ்நாளில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அது. அந்தப் பேனாவை நானே மூட வைத்தேன்.

அதற்குப் பிறகும் தினமும் அதே ஜெபம். ஆண்டவரே, இந்த வியாதியை எடுத்துவிடும். ஒன்பதாம் மாதம் மாத்திரையைத் தொடங்கினேன். ஒளித்து ஒளித்துப் போட்டேன். தேதி நெருங்கியபோது எனக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று சபைப் பெண்கள் எங்கள் வீட்டில் மூன்று நாள் ஜெபம் வைத்தார்கள். காலையிலிருந்து வீடு நிறைய ஆள். மாத்திரை பீரோவுக்கு மேல் இருந்தது. அவர்கள் முன்னால் எடுக்கத் தைரியம் வரவில்லை; மூன்று நாளும் மாத்திரை போடவில்லை. மூன்று நாள் ஜெபம் நடக்கும் வீட்டில் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வலி பிடித்தது. நானும் மாமியாரும் ஆட்டோவில் போனோம். என் வீட்டுக்காரர் டூட்டியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னார். ரயில்வே கேட்டில் ஆட்டோ நின்றது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது. அந்தக் குறுகுறுப்பு. அதே இடத்தில், அதே ஊசி. பிரசவ வலியைவிட அதற்குத்தான் நான் அலறினேன். மாமியார் என் முதுகைத் தடவி, "தாங்கிக்கம்மா, தாங்கிக்க, எனுக்கு நாலு பொறந்துச்சி" என்றார்.

ஆஸ்பத்திரியில் கூட ஒரு பெண் இருக்கலாம் என்று மாமியாரையும் உள்ளே விட்டார்கள். டூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். அட்டையைப் புரட்டினார். "பிபி நார்மல், சுகர் நார்மல், தலை கீழ வந்துடுச்சி. சுகப்பிரசவம் ஆயிடும் பாட்டி."

"ஸ்தோத்திரம்" என்று மாமியார் கையைத் தூக்கினார்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மாமியார் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். சொன்னால் இந்தக் கை விட்டுப்போகும் என்று நினைத்தேன். வலி வந்தது, போனது. வந்தது, போனது. ஒவ்வொரு வலியிலும் என் பிள்ளை அந்தப் புண் பக்கம் இறங்கி வருகிறது. எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் கிடக்கிறேன். இவ்வளவு பயம் ஒரு உடம்பில் இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

மூன்று வருடமாகக் கேட்டதை அப்போது நான் கேட்கவில்லை. வியாதியை எடும் என்று கேட்கவில்லை. "ஆண்டவரே, என் வாயைத் திறந்துவிடும். அவ்வளவுதான். பிறகு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும்" என்று கேட்டேன்.

சத்தமாகக் கேட்டேனா, மனதுக்குள் கேட்டேனா, தெரியாது. அடுத்து என் குரல் எனக்கே கேட்டது. வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"டாக்டர்! எனக்குக் கீழ ஹெர்பிஸ் இருக்குது! மூணு வருசமா இருக்குது! இப்பக் குத்துது! எம்புள்ளைய ஆபரேஷன் பண்ணி எடுங்க!"

நர்ஸ் ஓடிவந்தார். "ஏம்மா, இத வந்த ஒடனே சொல்றதுக்கு இன்னா? வாய்ல கொயக்கட்டையா?" டாக்டர் விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். ஒரே ஒரு சின்னக் கொப்புளம். பனிக்குடம் இன்னும் உடையவில்லை. "தியேட்டர் ரெடி பண்ணுங்க, உடனே" என்றார். மாமியார் என் கையை விட்டுவிட்டார். நான் நினைத்தபடியே விட்டுவிட்டார். ஆனால் நான் அப்போது அழவில்லை.

பெண் குழந்தை. பிறந்ததும் அழுதாள்.

மாமியார் வெளியே போய் என்ன செய்தார் என்று பிறகு என் வீட்டுக்காரரே சொன்னார். டாக்டரிடம் எல்லாம் விசாரித்துவிட்டு, மில் யூனிபார்மோடு வந்து நின்ற மகனை, ஆஸ்பத்திரி வராண்டாவில் எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்திருக்கிறார். "அவ இன்னாடா பண்ணா பாவம்? நீ கொண்டாந்து குட்த்துட்டு மரமாட்டம் நிக்கிற!" என்று கேட்டாராம். எனக்காக ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

பயம் அதோடு தீரவில்லை. குழந்தைக்கு டெஸ்ட் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒன்றரை மாதம் பார்த்துக்கொள்ள வேண்டும், காய்ச்சலோ, கொப்புளமோ, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே கொண்டுவர வேண்டும் என்றார்கள். தினமும் அவளை ஜன்னல் வெளிச்சத்தில் துணியில்லாமல் போட்டு, விரல் இடுக்கு வரைக்கும் பார்த்தேன். பதினாறாம் நாள் தொடையில் ஒரு சிவப்பு. ஷேர் ஆட்டோவில் அழுதுகொண்டே தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் பார்த்துவிட்டு, "கொசு கடிச்சிருக்கும்மா, வலை கட்டு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே முழங்காலில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது என் மகளுக்கு மூன்று வயது. பால்வாடியில் மற்ற பிள்ளைகளைக் கடித்துவிட்டு வருகிறாள். அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. என் உடம்பில் வியாதி இருக்கிறது. சுகமாகிவிட்டது என்று நான் பொய் சாட்சி சொல்லமாட்டேன். காலை ஒன்று, இரவு ஒன்று மாத்திரை போடுகிறேன். டாக்டர் சொல்கிறபோது போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறேன். போன வருடம் ஒரே ஒரு தடவைதான் வந்தது. என் வீட்டுக்காரரும் என்னோடு டாக்டரிடம் வந்து உட்காருகிறார். இப்போது மாத்திரையை ஜெபம் செய்துவிட்டுத்தான் விழுங்குகிறேன். அதைச் செய்தவன் மூளையும் கர்த்தர் கொடுத்ததுதானே. மாமியார் என் டம்ளரை இன்னும் தனியாக வைக்கிறார். டம்ளரால் ஒட்டாது என்று டாக்டரே சொல்லியும் வைக்கிறார். வைக்கட்டும். பேத்தியை அவர்தான் குளிப்பாட்டுகிறார்.

இதைப் படிக்கிறவர்களில் "சரீர பெலவீனம்" என்று சீட்டு எழுதிப் போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. ஒருவராவது இருப்பீர்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். கர்த்தரை நம்புங்கள். அவரிடம் வாயைக் கேளுங்கள், கொடுப்பார். எனக்கே கொடுத்தார். தனியாகப் போக பயமாக இருந்தால் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு உங்களோடு பஸ்ஸில் வருகிறேன். டாக்டர் அறையில் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருப்பேன். பெயரை மட்டும் நீங்கள்தான் சொல்லவேண்டும்.