ஜெபத்தில் சொன்ன கம்பளி

இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் வாத்தியாராகப் போன முதல் வருஷம் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான். பதுளையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்ததும், கிழமை நாட்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்தவும் என்னை அங்கே அனுப்பினார்கள். இரண்டும் ஒரே தகரக் கொட்டகையில்.

அந்த மார்கழியில் பத்து நாளாக மழை விடவில்லை. கொட்டகைக்குக் கீழே தொழிலாளர் குடியிருந்த லயத்தில், கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவருக்குப் பிள்ளை பிறந்து மூன்று வாரம். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர், எங்கள் சபைதான். தோட்டத்தில் கொடுத்த கம்பளி நைந்து வலைபோல் ஆகியிருந்தது. பிள்ளை இருமுவது கொட்டகைவரை கேட்கும்.

என்னிடம் ஒரு நல்ல கம்பளி இருந்தது. முதல் சம்பளத்தில், பதுளைக் கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கி எடுத்தது. மனமுவந்து கொடுக்க வேண்டும் என்று முந்தின ஞாயிறுதான் பிரசங்கம் செய்திருந்தேன். சொன்னவனே கொடுக்காமல் இருக்கலாமா? கொண்டுபோய்க் கொடுத்தேன். கை கொடுத்துவிட்டது; மனம் அதை விடவில்லை. திரும்பும் வழியெல்லாம், பழையதொன்று வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்றே நினைத்து வந்தேன்.

அடுத்த ஞாயிறு ஜெபம் பண்ணும்போது நாக்கு தன் போக்கில் போயிற்று. குளிரில் வாடும் ஏழைத் தாய்க்குத் தன் ஒரே கம்பளியைக் கொடுக்க அடியேனுக்கு மனம் தந்தீரே, ஸ்தோத்திரம் என்று உரக்கச் சொன்னேன். அந்தத் தாய் எனக்கு நேர் எதிரே, அதே கம்பளியில் பிள்ளையைச் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆமென் சொன்ன வாயோடு எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே வரும்போது அவர் புருஷன் வாசலில் நின்றார்.

“என்னங்க வாத்தியாரே, கம்பளி குடுத்தது ஆண்டவருக்குத் தெரியாதுன்னா அம்புட்டுச் சத்தமா சொன்னீங்க?”

நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கம்பளி என் மேசைமேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அடுப்பில் வாட்டிய புகை மணம் அதில் இருந்தது. அன்று பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்ல எனக்கு மனம் ஓடவில்லை. கீழே இருமல் கேட்கும்போதெல்லாம் கணக்கு தப்பிற்று. பள்ளி விட்டதும் கம்பளியை எடுத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினேன். அக்கா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை சாக்கில் கிடந்தது. புருஷன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி முடித்து அப்போதுதான் வந்து கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, எம்மேல கோவம் இருக்கட்டும். புள்ளையப் போத்துங்க.”

“வேணாங்க தம்பி. சாக்கு இருக்கு.”

“நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்புத்தான்.”

“சொன்னது மட்டுமா? நீங்க வந்து ஒரு வருஷமாகப் போவுது. எங்க வீட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிச்சிருக்கீங்களா? கம்பளி கொண்டாந்த அன்னைக்கு ரொட்டி நீட்டுனேன், ‘ஒங்களுக்கே பத்தாது, வச்சுக்கங்க’ன்னீங்க. நாங்க என்ன வாங்க மட்டும் பொறந்தவங்களா?”

அதை நான் இரக்கம் என்று எண்ணியிருந்தேன். இவர்களிடம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருந்தது. கொடுத்த கம்பளிக்கும் ஜெபத்தில் புகழாய்க் கூலி கேட்டிருக்கிறேன். முகம் சுட்டது. ஆனாலும் உண்மையாகவே பசித்தது.

“அப்ப இன்னைக்குக் குடுங்க அக்கா” என்று பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

“குடு புள்ள” என்றார் புருஷன். “வர்ற ஞாயித்துக்கெழம நாமளும் ஜெபத்துல சொல்லிப்புடலாம், ஏழை வாத்தியாருக்கு ரொட்டி குடுத்தோம்னு.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே என் மடியிலிருந்து கம்பளியை உருவிப் பிள்ளையைச் சுற்றினார். கறுப்புக் கம்பளிக்குள் சின்ன மூக்கு மட்டும் தெரிந்தது. அந்தக் கம்பளி இனி என்னுடையது இல்லை என்பதே அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கேழ்வரகு மாவில் சுட்ட குரக்கன் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும். கண்ணில் தண்ணீர் வரும் காரம். இன்னும் ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.