கேட்காத வரி

நீளவாக்கில் கிழித்த அரைத்தாள் அது. கோடு போட்ட நோட்டின் நடுப்பக்கம். பின் குத்தியிருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். அழகு என்று அந்த வயதில் நான் நம்பிய சாய்ந்த கையெழுத்தில், நீல மையில், அதில் பதினொரு வரிகள் எழுதியிருந்தேன். பத்து வரிகள் எங்கள் பத்தாம் வகுப்பு லீடர் கேட்டு எழுதியவை. பதினோராவது வரி நானாகச் சேர்த்தது. பத்திரிகைகளில் இத்தனை வருடம் சிரிப்புக் கட்டுரைகள் எழுதித் தாள்களை வீணடித்திருக்கிறேன். திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டோமா என்று ஏங்கிய வரி அது ஒன்றுதான்.

எங்கள் பள்ளி லுத்தரன் மிஷன் நடத்தியது. மூன்று பக்கம் வயல், ஒரு பக்கம் வாய்க்கால். வாரத்தில் மூன்று நாள், மதியம் இரண்டாவது மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கிறிஸ்தவப் பிள்ளைகள் வேதபாடத்துக்கு உட்கார்ந்திருப்போம். மற்றவர்கள் பக்கத்து அறைக்கு நல்லொழுக்கம் கற்கப் போவார்கள். எங்களுக்கு நல்லொழுக்கம் தேவையில்லை என்று நிர்வாகம் எந்த ஆதாரத்தில் முடிவு செய்தது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. நாங்கள் பத்தாம் வகுப்புக்கு வந்த வருடம் நல்லொழுக்க சார் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போனார். பதிலுக்கு ஆள் வரவில்லை. ஆகவே எல்லோரும் வேதபாடத்துக்கே உட்கார்ந்தார்கள். எந்த வீட்டிலிருந்தும் புகார் இல்லை. சாமி விஷயம்தானே, கேட்டு வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று இருப்பவர்கள் எங்கள் பக்கத்து ஜனங்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டத்திலும் பாதிப் பேர் அவர்கள்தான்.

வேதபாட சாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பீரியடு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி ஒரு பிள்ளை எழுந்து நின்று ஜெபம் செய்ய வேண்டும். மனப்பாடமான ஜெபம் கூடாது, தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாது, சொந்தமாகச் சொல்ல வேண்டும். பதினைந்து வயதில் நாற்பது பேர் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு கடவுளிடம் சொந்தமாகப் பேசுவது எவ்வளவு பெரிய தண்டனை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அங்கேதான் என் பிழைப்பு தொடங்கியது. என் அப்பா எங்கள் சபையில் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது, விளக்கேற்றுவது அவர் வேலை. நான் பிறந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் முதல் வரிசையில் உட்கார்ந்து, ஐயர் செய்யும் ஜெபங்களைக் கேட்டு வளர்ந்தவன். (எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம், வெளியூர் நண்பர்களுக்கு இதை விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும்.) ஒரு ஜெபம் எப்படி ஆரம்பித்து, எங்கே தழுதழுத்து, எப்படி முடிய வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. வகுப்பில் பாதிப் பேருக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். கூலி, இலந்தவடை. நெஞ்சுருகும்படி வேண்டுமென்றால் இரண்டு.

லீடர் ஒருபோதும் என்னிடம் வந்ததில்லை. அவள் நன்னிலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து போர்டிங்கில் தங்கிப் படித்தவள். குத்தகை நிலத்தில் இரண்டு சம்பா தொடர்ந்து தண்ணீரில் போனபின், அவள் அப்பா கட்டிட வேலைக்கு மஸ்கட் போயிருந்தார். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அவள் அதிகாரம். முதல் பெயர் எப்போதும் என்னுடையது. நான் வாயே திறக்காத ஒரு நாளும் எழுதினாள். கேட்டதற்கு, "இனிமேதான் பேசுவ. அதான் இப்பவே எழுதிட்டேன்" என்றாள். அவளுக்கு நான் பயந்தேன். அது பயம் மட்டும்தானா என்று இந்த வயதில் ஆராய்வது மரியாதையாக இருக்காது.

ஒரு திங்கட்கிழமை அவள் சைக்கிள் ஸ்டாண்டில் என்னை நிறுத்தினாள். கையில் வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறை.

"எனக்கு ஒண்ணு எழுதித் தரணும்."

"ஒன் மொறை அடுத்த மாசம்தானே?"

"மாத்திக்கிட்டேன். புதன்கிழமை நான் சொல்றேன்." பிறகு உறையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கப்பா சாரத்துலேர்ந்து விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில இருக்காங்களாம், நெனவு இல்லையாம். கூட வேலை செய்யுற எங்க ஊரு அண்ணன் லெட்டர் போட்டிருக்கு."

நெஞ்சுருக எழுதுவதில் நிபுணனான நான், "சரி" என்றேன்.

அவள் விரல்களை மடக்கினாள். "மொதல்ல முழிக்கணும். அப்புறம் கால் சரியாகணும். அப்புறம் வீட்டுக்கு வரணும். இந்த வரிசையிலயே எழுது. பேரு, தாத்தா பேரு, ஊரு, நன்னிலம் தாலுகா, எல்லாம் போடு. எங்க மாமா தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதுறவரு. வெலாசம் சரியா இல்லன்னா வேற யாருக்காவது போயிரும்பாரு."

"சாமிக்கு வெலாசம் தெரியாதா?"

"உங்க சாமிக்கு எங்கப்பாவ முன்னப்பின்ன தெரியாதுல்ல" என்றாள். அதில் கிண்டல் இல்லை.

அன்று மாலை கோயில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். முதல் தடவையாகக் கூலி வாங்காமல் எழுதியதால் சிரத்தையாகவே எழுதினேன். முழிக்க வேண்டும், கால், வீடு, வரிசை மாறவில்லை. விலாசமும் போட்டேன். எல்லாம் எழுதி வாசித்துப் பார்த்தபோது முடிவு மொட்டையாக இருப்பதாகத் தோன்றியது. ஐயரின் ஜெபங்கள் அப்படித் திடீரென்று முடியாது. ஒரு வரியில் குரல் தணிந்து, பிறகுதான் ஆமென் வரும். அந்த வரியைச் சேர்த்தேன். 'எல்லாம் உமது சித்தப்படியே ஆகட்டும்.' ஓசை நிறைந்துவிட்டது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

புதன்கிழமை அவள் எழுந்து நின்றாள். தாளை மனப்பாடம் செய்திருந்தாள். நன்னிலம் தாலுகா என்று வந்தபோது பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள், அவள் நிறுத்தவில்லை. கடைசி வரியில், நான் எதிர்பார்த்தபடியே, அவள் குரல் தணிந்தது. ஆமென் சொன்னபின் வேதபாட சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இதுதாம்மா ஜெபம். முக்கியமா அந்தக் கடைசி வரி. அதைச் சொல்லத்தான் மனுஷன் வாழ்நாள் பூரா படிக்கிறான்" என்றார். நான் பக்கத்துப் பையனின் விலாவில் இடித்தேன். என் எழுத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

அடுத்த திங்கள் அவள் மாமா வந்து அவளை அழைத்துப் போனார். மஸ்கட்டுக்கு அனுப்பிய ஏஜெண்டிடமிருந்து தகவல் வந்துவிட்டது என்று போர்டிங் பெண்கள் சொன்னார்கள். அப்பா இறந்துபோயிருந்தார்.

பதினைந்து நாள் கழித்து மாமாவும் அவளும் டி.சி. வாங்க வந்தார்கள். பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. தலைமை ஆசிரியர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வீட்டில் ஆறு வயதுத் தம்பி, படுத்த படுக்கையாகிவிட்ட அம்மா. மாமா ஆபீசுக்குள் நின்றுகொண்டிருக்க, அவள் தன் டிரங்குப் பெட்டியோடு வராந்தாவில் நின்றாள். நான் பக்கத்தில் போனேன். ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று போனவன்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"அந்தக் கடைசி வரி. சித்தம்னா இஷ்டம்தானே?"

"ஆமா."

"மாமாகிட்ட கேட்டேன். இஷ்டம்னுதான் சொன்னாரு. அதை ஏன் எழுதுன?"

"எல்லா ஜெபத்துலயும் வரும். அப்படித்தான் முடிக்கணும்."

"நான் கேட்டேனா அதை?"

மறுபடி விரல்களை மடக்கினாள்.

"நான் மூணு சொன்னேன். மூணும் எழுதிட்டு, கடைசியில ஒங்க இஷ்டம்னு எழுதிட்ட. தாசில்தாருக்கு அப்படி எழுதினா என்ன பண்ணுவாரு? ஓரமா வச்சுட்டுப் போயிருவாரு. நான் அவரு இஷ்டத்தையா கேட்டேன்? எங்கப்பாவக் கேட்டேன்."

அவள் அழவில்லை. பெயர் எழுதும்போது இருக்கும் அதே முகம். மாமா வெளியே வந்தார். பெட்டியின் ஒரு பக்கத்தை அவரும் மறுபக்கத்தை அவளும் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்கள். நான் தூக்கிக் கொடுத்திருக்கலாம். அது பஸ் போனபின்தான் தோன்றியது.

அதற்குப் பிறகு அந்த வரியை என்னால் சொல்ல முடியவில்லை. ஐயர் அந்த இடத்துக்கு வரும்போது எனக்கு இருமல் வரும். தொண்டையைக் காட்டச் சொல்லி அப்பா வைத்தியரிடம்கூட அழைத்துப் போனார். கல்லூரியில் தமிழும் பின்னர் இறையியல் புத்தகங்களும் படித்தேன். அந்த வரி சரணாகதி என்று நூறு பக்கத்தில் நிரூபித்த அறிஞர்களையும் படித்தேன். அவர்கள் யாரும் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றவர்கள் இல்லை. ஒருமுறை மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று நன்னிலம் வரை பஸ்ஸில் போனேன். இறங்கி, ஒரு காபி குடித்து, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். பிறகு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். காபி நன்றாக இருந்தது என்பதுதான் அந்தப் பயணத்தில் தேறியது.

விதி எனக்குச் செய்த நையாண்டி, அதே பள்ளியில் தமிழாசிரியர் வேலை. சில வருடங்களில் வேதபாடமும் என் தலையில் விழுந்தது. வரிசைப்படி ஜெபம் சொல்லும் வழக்கம் அப்போதும் நடந்துகொண்டிருந்தது, நிறுத்தத் துணியவில்லை. பிள்ளைகள் இப்போது போனில் தேடி எழுதி வருகிறார்கள், இலந்தவடைக்கு வேலை இல்லை. நான் செய்த ஒரே மாற்றம், யாருடைய ஜெபத்தையும் திருத்துவதில்லை, பாராட்டுவதும் இல்லை.

இந்த வருடம் பெற்றோர் கூட்டத்தன்று, ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த போர்டிங் பெண் ஒருத்தியோடு ஓர் அம்மாள் வந்தார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. வெயிலில் நின்று நடவு பார்க்கிறவர்களின் கை. "இவ அத்தைங்க நான். தம்பி பொண்ணு" என்றவர், நிமிர்ந்து பார்த்து நிறுத்தினார்.

"நீதானா. சாருன்னு கூப்பிடவா, எப்படிக் கூப்பிட?"

"பேரை போர்டுல எழுதாம இருந்தா போதும்" என்றேன். சிரித்தாள். அந்தப் பெண்ணைத் தண்ணீர் குடித்துவரச் சொல்லி அனுப்பினாள். நான் நன்னிலத்தில் ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.

"அந்த ஜெபம்" என்று ஆரம்பித்தேன். "அந்தக் கடைசி வரி…"

"இன்னுமா அத வச்சுக்கிட்டிருக்க?"

"நீதானே கேட்ட."

"ஒனக்குத் தெரியாதுல்ல. ரெண்டு மாசம் கழிச்சு அப்பாவ பெட்டியில வச்சு அனுப்புனாங்க. கூட ஒரு காகிதம். தேதி போட்டிருந்துச்சு. லெட்டர் வந்ததுக்கு முந்துன வியாழக்கிழமையே போயிட்டாங்க. நான் எந்திரிச்சு நின்னு சொன்னேன் பாரு, அப்ப ஆறு நாளு ஆச்சு."

வியாழனிலிருந்து புதன் வரை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

"ஒனக்கு ஒரு கார்டு போடணும்னு நெனச்சேன். போடல."

"ஏன்?"

"ஒம்மேல கோவம் போயிட்டா அப்புறம் யார்மேல வைக்கிறது? அம்மா படுத்துட்டாங்க. தம்பி சின்னப் புள்ள. நாத்து பறிக்கப் போகையில ஒன்னத் திட்டிக்கிட்டே போவேன். வேல ஓடிரும்." பிறகு, "ரொம்ப வருஷம் திட்டியிருக்கேன்" என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

அத்தனை வருடக் குற்றம் ஒரு தேதியில் காணாமல் போயிற்று. நிம்மதி வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்தப் புதன்கிழமைதான் வந்தது. நாற்பது பேர் கண்ணை மூடிக்கொண்டிருக்க, எங்கோ ஒரு பிணவறையில் கிடந்தவருக்காக, முதலில் முழிக்க வேண்டும் என்று ஒரு பெண் வரிசை மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்துப் பையனை விலாவில் இடித்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது அவள் சொன்னாள். "ஒண்ணு கேக்கணும். இவ அம்மா போன வருஷம் தவறிப் போயிட்டா. அதுலேர்ந்து சரியாப் பேச மாட்டேங்குறா. ஜெபம் சொல்லச் சொல்லுவீங்களாமே. அவளச் சொல்லச் சொல்லாத. எழுதியும் குடுக்காத."

"சரி" என்றேன்.

பதிவேட்டில் தம்பி மகளின் முறை ஒரு வியாழக்கிழமை வந்தது. பெயரைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தப் பெண் தானாகவே எழுந்து நின்றுவிட்டாள். வகுப்பு கண்ணை மூடியது. அவள் வாய் திறக்கவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம் போயிருக்கும். எடுத்துக் கொடுக்க எனக்கு நூறு வரிகள் தெரியும். சும்மா இருந்தேன். முன் பெஞ்சுப் பையன் ஒரு கண்ணை மட்டும் திறந்து, முடிந்துவிட்டதா என்று என்னைப் பார்த்தான். இல்லை, மூடிக்கொள் என்று சைகை காட்டினேன்.