ஈரத்தில் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள்

ஐஃபல் மலையில் உள்ள எங்கள் ஓட்டுநர் பயிற்சித் திடலில் தரையை நனைப்பது என் வேலை. அந்த ஈரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது ரோஸ்வித்தா தேலனின் வேலை. பெரிய எஞ்சின், பின்சக்கரத்தை உந்தும் வண்டி என்று மார்தட்டி வருகிற ஆண்கள் முதலில் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். பத்து நிமிஷத்தில் வண்டி பம்பரமாகச் சுற்றி நிற்கும்.

"வளைவுல ஆக்சிலரேட்டரை மிதிச்சீங்க, பின்பக்கம் விலகுச்சு. பயந்து காலைப் படக்குனு எடுத்தீங்க, அது இன்னும் மோசம். காலை மெல்லத் தளர்த்துங்க. வால் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்க. மரத்தைப் பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க" என்பாள்.

வெளியே மதிப்பு. வீட்டில் அவள் பேச்சு எடுபடவில்லை. கூரை வேய்கிற வேலை செய்த அவள் கணவன் ஏகோன், ஐம்பது வயதில் நானூறு குதிரைசக்தி கார் ஒன்றை வாங்கினான்.

ஓர் அக்டோபர் ஞாயிறு, ரோஸ்வித்தாவின் தங்கை மார்லீஸ் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். வெளியே மழை. ரோஸ்வித்தா ஒரு யூரோ நாணயத்தைப் பின் டயரின் பள்ளத்தில் செருகிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"நாணயத்தோட மஞ்சள் ஓரம் முழுசா மறையல ஏகோன், பள்ளம் தேஞ்சுபோச்சு. மழைக்கு இந்த டயர் ஆகாது."

"சட்டத்துக்கு ஆகும்ல? ஞாயித்துக்கிழமையாவது லீவு விடுங்க, டீச்சரம்மா!"

மார்லீஸும் சிரித்தாள். "சைக்கிள் கத்துக்குடுத்தே என்னை அழவெச்சவ மாமா இவ!"

ரோஸ்வித்தாவுக்கு மாலை வகுப்பு இருந்தது. மார்லீஸை வீட்டில் விட ஏகோன் கிளம்பினான். தங்கையிடம் 'ஏறாதே' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்ததாம். "இன்னொரு தடவை அந்தச் சிரிப்பைக் கேக்கத் தெம்பில்ல" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

மைத்துனிக்கு வேடிக்கை காட்ட ஏகோன் காரின் சறுக்கல் தடுப்புக் கருவியை அணைத்தான். ரோட்டோர மர இலைகள் நனைந்து கிடந்த வளைவில் அழுத்தி மிதித்தான். வண்டி சுழன்று, மார்லீஸ் உட்கார்ந்திருந்த பக்கம் மரத்தில் மோதியது. ஏகோனுக்குத் தோள் எலும்பு முறிவு. மார்லீஸின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மனைவி சாட்சி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று போலீசார் விளக்கினார்கள். ரோஸ்வித்தா ஒன்றுவிடாமல் சொன்னாள். டயர் சட்டப்படி சரிதான் என்றது நீதிமன்றம். வேகத்துக்கு மட்டும் அபராதம், சில மாதம் உரிமம் ரத்து. 'சொந்தப் புருஷனையே காட்டிக்கொடுத்தவ' என்று ஏகோன் பெட்டியைக் கட்டினான்.

மார்லீஸ் ஆஸ்பத்திரியில் முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசினாள்.

"அந்த ஆளுக்குப் புத்தி இல்லன்னு ஊருக்கே தெரியும். உனக்கு இருந்துச்சே அக்கா."

"நான் சொன்னேனே மார்லீஸ்..."

"அவர்கிட்ட சொன்னே. என்கிட்ட சொன்னியா? வாசல்ல நின்னு கையாட்டினே."



உரிமம் திரும்பக் கிடைத்ததும், வாராவாரம் மார்லீஸைச் செயற்கைக்கால் பயிற்சிக்கு ஏகோன்தான் கூட்டிப்போகிறான். அவனை அவள் மன்னித்துவிட்டாள். அக்காவின் கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வருகின்றன. போன மாதம் ரொட்டிக் கடையில் மார்லீஸைப் பார்த்தேன். என் முழங்கால் வலியை விசாரித்தாள், திடலில் கூட்டம் எப்படி என்று கேட்டாள். ரோஸ்வித்தாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.