விசில் ஊதாமல் கிளம்பும் பேருந்து

பௌர்ணமி. ஊர் எல்லையில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியின் மைதானம் இன்று தற்காலிகப் பேருந்து நிலையம். கிரிவலம் முடித்த கால்வலியோடு வேலூர் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன்.

பேருந்துகள் விட்டுவைத்த இடத்தில் பள்ளி மாணவிகள் கோ-கோ ஆடுகிறார்கள். நாளை கீழ்பென்னாத்தூரில் போட்டி. மைதானம் காலியாகும்வரை காத்திருக்க முடியுமா? ஒல்லியான ஒரு பெண் யார் கைக்கும் சிக்காமல் ஓடுகிறாள்.

வண்டியைப் பின்னால் எடுக்க நடத்துநர் விசில் ஊதுகிறார். ஓடியவள் நின்றுவிடுகிறாள். துரத்தியவளும் நிற்கிறாள். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து மண்ணைத் தட்டுகிறார்கள்.

"நான் ஊதலடி, அது பஸ் விசில். உக்காருங்க," என்கிறார் விளையாட்டு ஆசிரியை. பிறகு நடத்துநரிடம் வருகிறார். "அண்ணே, காலைலேர்ந்து இதே கதைங்க. கொஞ்சம் ஊதாம எடுக்கறீங்களா?"

"விசில் இல்லாம எப்படிம்மா?"

"பின்னாடி நின்னு தட்டுய்யா, எனக்குக் கேக்கும்," என்கிறார் ஓட்டுநர்.

நடத்துநர் உள்ளங்கையால் தகரத்தைத் தட்டித் தட்டி வண்டியைத் திருப்பவைக்கிறார். ஆட்டம் மறுபடி தொடங்குகிறது. வண்டி பள்ளி வாசலுக்கு வந்ததும் நடத்துநர் பழக்கதோஷத்தில் விசிலை வாய்க்குக் கொண்டுபோகிறார்.

"இருய்யா," என்கிறார் ஓட்டுநர், கண்ணாடியைப் பார்த்தபடி. "அந்த ஒல்லிப் பொண்ணு இன்னும் அவுட் ஆகல."

வண்டி உறுமிக்கொண்டே நிற்கிறது. ஊருக்கு அவசரமாகப் போகவேண்டிய நாங்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகப் பின்னால் எட்டிப் பார்க்கிறோம்.