அக்கா போடாத கையெழுத்து

கொரோனா அடங்கிய மறு வருஷம், ராமநாதபுரத்தில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஒரு பத்திரம் எழுதும் கடையில் நடந்தது இது. அக்காவைத் தவிர வீட்டில் யாரிடமும் இதை நான் முழுசாகச் சொன்னதில்லை. வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

நான் மிளகாய் மண்டியில் எடை போடுபவன். பெரியபட்டினம் போகிற வழியில் உள்ளே தள்ளி எங்கள் ஊர். அய்யா கட்டிய வீட்டில் ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் ஒரு கூடம். நான், மனைவி, மகன் என மூன்று பேருக்கு அது போதும். திருப்பூரில் அத்தான் வேலை பார்த்த பனியன் கம்பெனி மூடிய பிறகு, வாடகை கொடுக்க வழியில்லாமல் அக்கா குடும்பமும் வந்து சேர்ந்தது. அக்கா, அத்தான், இரண்டு பெண் பிள்ளைகள். பெண்கள் அறைக்குள்ளும் ஆண்கள் கூடத்திலும் படுத்துக்கொண்டோம். அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மூத்த பிள்ளை பெரிய மனுஷி ஆனாள். குளிக்க, துணி மாற்ற அவள் பக்கத்து வீட்டுக்குப் போய் வருவதைப் பார்த்த பிறகு, பின்பக்கம் ஒரு அறையும் குளியலறையும் கட்டியே தீர வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அப்போது யார் கையிலும் காசு இல்லை. மண்டியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. மனைவியின் நகை ஏற்கெனவே அடகில் இருந்தது. ஒரு வங்கியில் போய்க் கேட்டேன். வீடு இன்னும் அய்யா பெயரிலேயே இருந்தது. அய்யாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டதால் வாரிசு நானும் அக்காவும்தான். அங்கிருந்த அலுவலர் பொறுமையாக இரண்டு வழி சொன்னார். அக்காவும் நானும் சேர்ந்தே கடன் வாங்கலாம். ஆனால் அக்காவுக்கு வருமானம் இல்லாததால் தொகை குறையும், நாளும் ஆகும். இல்லையென்றால், அக்கா தன் பங்கை எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடலாம். வீடு என் ஒருவன் பெயருக்கு வந்துவிடும், கடனும் சீக்கிரம் கிடைக்கும்.

நான் இரண்டாவது வழியை எடுத்தேன். அக்காவுக்கு அறை கட்ட அக்காவின் பங்கையே வாங்க வேண்டும். இதை எப்படிக் கேட்பது? நான் சின்ன வயதிலிருந்தே பேச்சு வராதவன். கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூடக் கூசுவேன். கஷ்டத்தில் வந்திருப்பவளிடம் பங்கைக் கேட்டால், விரட்டுகிறோம் என்று நினைத்துவிடுவாளோ என்று பயந்தேன். அதனால், "லோனுக்கு நீயும் ஒரு கையெழுத்துப் போடணும்க்கா" என்று மட்டும் சொன்னேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பத்திரம் எழுதுபவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. முந்தின நாளே விவரம் கொடுத்திருந்ததால் எல்லாம் தயாராக இருந்தது. நான் பேனாவை அக்காவிடம் நீட்டினேன். அந்த அம்மா அதை வாங்கித் தன் மேஜையில் வைத்துவிட்டார்.

"இருங்க தம்பி. எழுதிக் குடுக்குறவங்களுக்கு வாசிச்சுக் காட்டாம நான் கையெழுத்து வாங்குறதில்ல."

"நேரமாகுதும்மா, டோக்கன் கூப்பிட்டுருவாங்க" என்றேன். அவ்வளவு வேகமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

"ரெண்டு பக்கந்தான். டோக்கன் எங்கயும் ஓடிப் போயிறாது."

வாசித்தார். பத்திரத் தமிழ் அக்காவுக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது. அது அவருக்கும் தெரிந்திருக்கும்போல. கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதாவது தாயி, ஒங்க அய்யா வீட்டுல இனிமே ஒங்களுக்கு ஒரு பாத்தியதையும் கெடையாது. ஒங்க புள்ளைகளுக்கும் கெடையாது. சம்மதந்தானா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஏலே, இதுக்குத்தான் ரெண்டு நாளா என் மொகத்தப் பாக்காமத் திரிஞ்சியா?"

"ரூம்பு கட்டத்தான்க்கா..." என்று இழுத்தேன்.

"அது எனக்குத் தெரியாதா? கேட்டிருந்தா அங்கன அடுப்படியில வச்சே சரின்னுருப்பேன். நீ கேக்கல. இப்பப் போட மாட்டேன். எனக்கும் ரெண்டு பொட்டப் புள்ளைக இருக்கு."

அக்கா கத்தவில்லை. எழுதிய கூலி எவ்வளவு என்று அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனாள். நான் அவசரமாகப் பணத்தை நீட்டினேன். அவர் பாதிதான் எடுத்துக்கொண்டார். "மீதிக்கு ரெண்டு பேரும் டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

டீ குடித்தோம். பஸ் ஏறினோம். பஸ்ஸில் கண்டக்டர் வந்ததும் அக்கா, "எனக்கு ஃப்ரீ டிக்கெட்டு. அந்தா நிக்கிற பெரிய மனுசன்கிட்டக் காசு வாங்கிக்கங்க" என்று சத்தமாகச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

இறங்கி வீட்டுக்கு நடக்கையில்தான் எனக்கு வாய் வந்தது. வங்கியில் சொன்ன இரண்டு வழியையும் சொன்னேன். முழு வீடும் என் மகனுக்கே ஆகப்போகிறது என்று மனசுக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்ததையும் சொல்லிவிட்டேன். அக்கா நடையை நிறுத்தித் திரும்பினாள்.

"ஒம் பொண்டாட்டிக்கு இது தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"தெரியவே வேணாம். அவ கண்ணுக்காவது நீ நல்லவனா இருந்துட்டுப் போ."

அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து வங்கிக்குப் போனோம். தொகை குறைவாகத்தான் கிடைத்தது. காங்கிரீட் தளத்தை விட்டுவிட்டு சிமெண்ட் ஷீட் போட்டோம். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு என்பதால், கலவைக்கு வேண்டிய நல்ல தண்ணீரை அக்காவும் என் மனைவியும் ஊருணியிலிருந்து சுமந்தார்கள். கொத்தனாருக்கு அத்தான் கையாளாக நின்றார். தவணை கட்டுவதற்காக, மண்டிக்கு மிளகாய்க் காம்பு கிள்ள அக்காவும் என்னோடு வந்தாள். பட்டா இப்போது எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. அந்த நாளைப் பற்றி அக்கா பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

வாய் பேசத் தெரியாதவன், பாவம் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். இன்றைக்கு யாரிடமாவது ஒன்றைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், அது கூச்சம்தானா என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.