ஒடியாத எலும்பு

மட்டாஞ்சேரித் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் மாயம்மாளைத் தெரியாதவர் கிடையாது. கோணலாக ஒட்டிய இடது முன்கையோடு இருபது வருஷமாகக் குடம் தூக்குகிறவள். என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால், "பைப்படியில பாசி வழுக்கிருச்சு" என்பாள். அந்தப் பாசியின் பெயர் பாலையா. அவள் புருஷன்.

பாலையாவுக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. வாய் மட்டும் மந்திரி வேலை பார்க்கும். இரண்டு ஓணத்துக்கு முன்னால் யூனியன்காரர்கள் நடத்திய வடம் இழுக்கும் போட்டியில் இவருடைய கோஷ்டி மண்ணைக் கவ்வியது. குப்பை வண்டி ஓட்டுகிற ஜிதின் சிரித்துவிட்டான். வீரருக்குப் பொறுக்குமா? துடைப்பக் கம்பால் அவன் முன்கையில் ஒன்று போட்டார். கை வீங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி டாக்டர், எலும்பு முறிவோ என்று சந்தேகம், எக்ஸ்ரே எடு என்று சீட்டு எழுதினார். ஜிதின் இருக்கிறானே, மகா புத்திசாலி. சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, தோப்பும்படியில் எலும்பு கட்டும் வைத்தியரிடம் போய் மூங்கில் பட்டை கட்டிக்கொண்டான். கேஸ் நடந்தபோது வைத்தியர் சாட்சிக் கூண்டேறி, எலும்பு ஒடிந்திருந்தது, விரலால் தடவிப் பார்த்தேன் என்றார். கீழ்க்கோர்ட்டு நம்பியது. கொடுங்காயம், ஒரு வருஷம் ஜெயில். இந்தத் தண்டனை நிலைத்துவிட்டால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும்.

அப்பீலுக்கு அலைந்தவள் மாயம்மாள்தான். அவள் எர்ணாகுளத்துக்குப் படகேறும் நேரத்தில், ஜாமீனில் இருந்த பாலையா சாயாக் கடையில் உட்கார்ந்து, "ஒரே அடி. எலும்பு ரெண்டு துண்டு" என்று அளந்துகொண்டிருப்பார்.

வக்கீல் ஸுப்ரியா கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"எக்ஸ்ரே எங்கே, மாயம்மா? படமே இல்லாம எலும்பு ஒடிஞ்சுதுன்னு எப்படிச் சொல்றது? வெறும் வீக்கம்னு வாதாடலாம். உங்க ஹஸ்பண்டை மட்டும் சாயாக் கடையில வாயை மூடிண்டு இருக்கச் சொல்லுங்கோ."

"படம் இருந்தா?"

"இருந்து, டாக்டரும் வந்து சொல்லிட்டா தப்பிக்கறது கஷ்டம்."

மாயம்மாள் அதை மனசில் முடிந்துகொண்டாள்.

அப்பீல் ஜெயித்தது. எலும்பு முறிந்ததற்கு ஆதாரம் இல்லை, சாதாரணக் காயம்தான் என்று சொல்லி, ஜெயிலை எடுத்துவிட்டு அபராதத்தோடு விட்டார்கள். வேலை தப்பியது, வீடு தப்பியது. மாயம்மாள் கோர்ட்டு வாசலிலேயே மாரியம்மனைக் கும்பிட்டாள். பாலையாவோ வீட்டுக்கு வந்து, இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்தார். சாயா ஆறியது.

"என் அடி வெறும் வீக்கமாம். நாளைக்கு அந்த ஜிதின் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? இதுக்கு மேல அப்பீல் உண்டான்னு வக்கீல்கிட்ட கேளு."

அடச்சீ என்று இருந்தது மாயம்மாளுக்கு. இந்த மனுஷனுக்காகவா இத்தனை நடை நடந்தோம்? டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து, உள்ளே இருந்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டாகப் பிரிந்த எலும்பு. ஓரத்தில் அவள் பேரும் தேதியும்.

"நீங்க ஒடிச்ச எலும்பு இந்தா இருக்கு. நல்லாப் பாத்துக்கோங்க. பாசின்னு நான் சொன்ன பொய் இன்னையோட சரி. இனி ஒருவாட்டி கை ஓங்கினா இது வக்கீலம்மா மேசைக்குப் போகும். கூண்டுல வந்து சொல்ல நான் இருக்கேன்."

பாலையா ஆறிய சாயாவை எடுத்துச் சத்தமில்லாமல் குடித்தார். மாயம்மாள் படத்தைக் கவரில் போட்டாள். பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.