முதுகில் ஜிப் வைத்த மழைக்கோட்டு

அண்ணே, உன் பெயரைச் சொல்லி நான் உன்னைக் கூப்பிட்டதே கிடையாது. மூத்தவனைப் பெயர் சொன்னால் அம்மா வாயிலேயே ஒன்று போடுவார். ஆனால் அன்றைக்குக் கடலில், உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே, உன் பெயரைச் சொல்லித்தான் கத்தினேன். திரும்பத் திரும்பக் கத்தினேன். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அண்ணே என்றே இருக்கட்டும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் கடலில் மூழ்கிச் சாகவில்லை. மிதந்துகொண்டே செத்தான். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தான். நல்ல ஜாக்கெட், அவனே தேடிப் பிடித்து வாங்கியது. நான் பக்கத்திலேயே இருந்தேன். என் கை அவன் மேல் இருந்தது. அப்படியும் செத்தான்.

நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். கடிதம்கூட எழுதிப் பழக்கமில்லை. தீவில் பாயான் பாருவில் பிளாட்டில் இருக்கிறோம், அங்கேயே ஒரு ஃபேக்டரியில் எனக்கு வேலை. அண்ணனுக்குக் கடலுக்கு அக்கரையில் புக்கிட் தெங்காவில். தினமும் கடல் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போய் வருவான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு தூண்டிலைத் தூக்கிவிடுவான். போட்டில் போய் மீன் பிடிப்பதென்றால் அவனுக்குச் சோறே வேண்டாம். என்னையும் பழக்கிவிட்டான்.

முன்பெல்லாம் எங்களிடம் சொந்த ஜாக்கெட் இல்லை. போட்டில் இருந்த பழையதுகளைக் குண்டிக்குக் கீழே போட்டு உட்கார்ந்து வருவோம். ஒரு தடவை அண்ணன் அதில் ஒன்றைக் கல்லைக் கட்டாமலே தண்ணீரில் எறிந்து பார்த்தான். பாதி மூழ்கிக் கிடந்தது. உள்ளே இருந்த பஞ்சு எங்கள் பாரத்தில் நசுங்கி அப்பளமாகிவிட்டிருந்தது. அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. அடுத்த வாரமே என்னைத் தூண்டில் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

கடை முதலாளி தௌகே என்னை நிற்கவைத்து ஒரு ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டினார். கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினதும் இரண்டு தோளையும் பிடித்து வெடுக்கென்று மேலே இழுத்தார். ஜாக்கெட் என் மூக்கு வரைக்கும் ஏறி, தாடையில் இடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன். இது பெரிசு, கடலில் விழுந்தால் ஜாக்கெட் மட்டும்தான் மேலே வரும் என்றார். சின்னது ஒன்று மாட்டினார். தொடைக்கு நடுவில் போகிற வாரையும் இழுத்துப் பூட்டினார். மறுபடி இழுத்தார். அசையவில்லை.

அண்ணன் சிரித்துக்கொண்டே நின்றான். "பாப்பா, நாசி லெமாக் சோத்துப் பொட்டலமாட்டம் இருக்க லா. மீனு வந்து பிரிச்சுத் திங்கப் போவுது."

"வாய மூடு. நீ என்னத்த மாட்டப் போற?"

"நமக்கு ஸ்டைலு வேணும்ல?"

அவனுக்குப் பஞ்சு ஜாக்கெட் ஒத்துவரவில்லை. வேர்க்கும், தூண்டில் வீசும்போது கை தடுக்கும். காற்று ஜாக்கெட் வாங்கினான். கழுத்தைச் சுற்றி நெஞ்சில் இறங்குகிற பட்டைத் துணிதான். உள்ளே ஒரு குட்டி சிலிண்டரும் ஒரு மாத்திரையும் இருக்கும். தண்ணீரில் விழுந்தால் மாத்திரை கரைந்து, சிலிண்டர் வெடித்து, ஜாக்கெட் தானாக உப்பிவிடும்.

ஆனால் மாத்திரைக்குக் கடல் எது, மழை எது என்று தெரியாது. ஒரு ஞாயிறு நல்ல மழை. போட்டில் உட்கார்ந்து அண்ணன் கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். திடீரென்று டப்பென்ற சத்தம். ஜாக்கெட் உப்பி அவன் தாடையில் மோதி, கோப்பி முழுக்க முகத்தில்.

எதிரே இருந்த அவன் கூட்டாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான். அவன் அண்ணனோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்கிறவன், பாதி நாள் எங்கள் வீட்டுச் சாப்பாடுதான். "மச்சான், எத்தன மாசம் லா? புள்ள ஒதைக்குதா?"

"ஒதைக்குது. ஒன்ன ஒதைக்கச் சொல்லுது." அண்ணன் காலை வீசினான்.

சிரித்தோம். ஆனால் வெடித்த சிலிண்டர் மறுபடி உதவாது. வேறு சிலிண்டர் கடையில் இல்லை, கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும். அது வரும்வரை அண்ணன் கடலுக்குப் போகாமல் வீட்டில் கிடந்து எல்லோரையும் கடித்துக் குதறினான். வந்ததும் மாட்டிக்கொண்டு, இனிமேல் மழையில் வெடிக்க விட மாட்டேன் என்றான். வழி கண்டுபிடித்துவிட்டானாம்.

அவன் கண்டுபிடித்த வழி மோட்டாரில் போடுகிற மழைக்கோட்டு. பாலத்தில் மோட்டார் ஓட்டுகிற எல்லோரும் அதைத் திருப்பித்தான் போடுவோம். மூடின பக்கம் நெஞ்சுக்கு, ஜிப் முதுகுக்கு. எதிர்க்காற்றில் மழை உள்ளே ஏறாது. அண்ணன் அதையே ஜாக்கெட்டுக்கு மேலே, அதே மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டான். ஜாக்கெட்டில் ஒரு சொட்டு விழவில்லை. எங்கள் எல்லோருக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. போட் ஓட்டுகிற தேக்கோங், வயதான மலாய்க்காரர், அவர்கூட நல்ல மூளை என்று மலாயில் பாராட்டினார். வெடித்தால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குத் தீவின் தென்பக்கம் நங்கூரம் போட்டிருந்தோம். மத்தியானம். சுமத்ரா பக்கம் வானம் அடிபட்ட இடம் மாதிரி கன்றிக் கறுத்தது. தேக்கோங் தூண்டிலைச் சுருட்டச் சொன்னார்.

அண்ணன் மழைக்கோட்டுக்குள் கையை விட்டு முதுகைக் காட்டினான். "மச்சான், ஜிப்ப இழு."

"திரும்பு லா பெரிய தொர. எங்கம்மாகூட எனக்கு இப்படி சட்ட போட்டு விட்டதில்ல."

"கழுத்து வரைக்கும் இழுடா. தண்ணி எறங்கும்."

கூட்டாளி கழுத்து வரைக்கும் இழுத்தான். மேலே இருந்த பட்டன்களையும் ஒவ்வொன்றாக அமுக்கிவிட்டு, அண்ணன் முதுகில் பளாரென்று ஒரு அடி வைத்தான்.

காற்று சொல்லிக்கொண்டு வரவில்லை. மழை கல் எறிவது போல முகத்தில் விழுந்தது. நங்கூரக் கயிறு எங்கோ மாட்டிக்கொண்டது. அண்ணன் முன்னால் போய் எழுந்து நின்று இழுத்தான், நான் பின்னாலிருந்து கயிற்றைச் சுற்றினேன். அலை பக்கவாட்டில் வந்து போட்டை அறைந்தது. என் விலா போட் விளிம்பில் மோதி உள்ளே ஏதோ முறிந்தது. அடுத்த மூச்சு தண்ணீருக்குள்.

என் ஜாக்கெட் தொடை வாரைப் பிடித்து என்னை மேலே தூக்கிப் போட்டது. பார்த்தால் அண்ணன் கைக்கெட்டுகிற தூரத்தில் மல்லாந்து மிதக்கிறான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் சந்தோஷப்பட்டேன்.

பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். ஜாக்கெட் வெடித்திருந்தது. வெளியே உப்ப இடமில்லை. மழைக்கோட்டு தடித்த ரப்பர், கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. அதனால் உள்ளே பார்த்து உப்பி, நெஞ்சை அமுக்கி, கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அவன் முகம் நீலமாகி, கண் இரண்டும் வெளியே தள்ளி நின்றன. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தமில்லை. ஜிப்பு, ஜிப்பு என்று உதட்டில் மட்டும் தெரிந்தது.

கை இரண்டும் சிலுவையில் அறைந்த மாதிரி விரிந்து நின்றன, பின்னால் போகவில்லை. நான்தான் அவன் முதுகுக்குப் போக வேண்டும். போட் எங்கேயோ அடித்துக்கொண்டு போயிருந்தது, இஞ்சின் சத்தமும் இல்லை. என்னைத் தவிர யாரும் கிடையாது.

கிட்டே போனதும் என் முடியைப் பிடித்தான். என்னைத் தன் பக்கம் இழுத்து, முழங்கையால் வாயில் இடித்தான். முன்பல் உடைந்தது. மூச்சு கிடைக்காதவனுக்குத் தங்கச்சி யார் என்று தெரியாது. நானும் அடித்தேன். என் அண்ணனை முகத்தில் குத்தினேன். விரலை ரத்தம் வரக் கடித்தேன். விட்டான். அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது அப்போதுதான்.

சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். பட்டனைப் பல்லால் பிய்த்தேன். ஒன்று வந்தது, இன்னொன்றும் வந்தது. ஜிப்பின் நுனி கடுகளவு, வழுக்கியது. உள்ளே இருந்த காற்று ஜிப்பை விறைக்க வைத்து இறுக்கியிருந்தது. இழுத்தேன். நகம் ஒன்று அப்படியே பெயர்ந்து வந்தது. மறுபடி இழுத்தேன். கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் அளவு திறந்தது. ஜாக்கெட்டின் மஞ்சள் துணி அந்த வழியாகப் பிதுங்கியது. இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான் என்று அவன் காதில் கத்தினேன்.

அலை ஒன்று தலைக்கு மேலே வந்து இரண்டு பேரையும் புரட்டிப் போட்டது. கை விட்டுவிட்டது. நீந்திப் போய் மறுபடி பிடித்தபோது அவன் என்னை அடிக்கவில்லை. என்னை அடி அண்ணே, இன்னொரு தடவை அடி என்று கெஞ்சினேன்.

தேக்கோங் போட்டைக் கொண்டுவந்துவிட்டார். மீன் அறுக்கிற கத்தியால் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் கோட்டை ஒரே கிழி. ஜாக்கெட் டப்பென்று வெளியே உப்பியது. அவசரத்தில் கத்தி முதுகிலும் கீறிவிட்டது. ரத்தம் சரியாக வரவில்லை. அவனைப் போட்டில் போட்டு நெஞ்சை அமுக்கினார்கள். எலும்பு உடைகிற சத்தம் மழையிலும் எனக்குக் கேட்டது. கூட்டாளி அவன் வாயில் ஊதினான், அழுதான், கன்னத்தில் அறைந்தான். "எந்திரி லா மச்சான். டேய், எந்திரிடா!"

எழுந்திருக்கவில்லை. தண்ணீர் அதிகம் குடிக்கவில்லை, நெஞ்சு விரிய இடமில்லாமல்தான் போனான் என்று ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் சொன்னார்கள்.

அண்ணனின் சவப்பெட்டி வீட்டுக் கூடத்தில் இருக்கும்போது கூட்டாளி வந்தான். செருப்பைக் கழற்றக்கூட நான் விடவில்லை. சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினேன். அறைந்தேன், உதைத்தேன், நகம் போன விரலாலேயே பிராண்டினேன்.

"நீதானடா இழுத்த! கழுத்து வரைக்கும் நீதான இழுத்த!"

"நான்தான் இழுத்தேன்." அவன் கையைக்கூட உயர்த்தவில்லை. "அடி. இன்னும் அடி."

அது அப்பா காதில் விழுந்தது. வாசலில் இருந்த ஹெல்மெட்டை எடுத்து அவன் மண்டையில் இறக்கினார். மறுபடி ஓங்கினார். அவன் நெற்றி பிளந்து பெட்டி மேலே ரத்தம் தெறித்தது.

அம்மா குறுக்கே வந்து அப்பாவை இரண்டு கையாலும் தள்ளிவிட்டார். "என் புள்ள கேட்டான், இவன் இழுத்தான். நான் இருந்தா நானும்தான் இழுத்துருப்பேன். இவனயும் கொன்னு பக்கத்துல படுக்க வைக்கப் போறீங்களா?" என்று கேட்டார். தன் முந்தானையாலேயே கூட்டாளியின் நெற்றியை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். தையல் போட்ட நெற்றியோடு அவன்தான் பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கினான். அப்பா பின்பக்கம்.

போட்டில் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், காற்று ஜாக்கெட் எப்போதும் எல்லாத் துணிக்கும் மேலே, வெளியே இருக்கட்டும். மழை வந்தால் நனையட்டும். வெடித்தால் வெடிக்கட்டும், கூட இருக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

தூக்கத்தில் என் கை இன்னும் அந்த ஜிப்பை இழுக்கிறது. எழுந்து பார்த்தால் விரல் மடங்கியே இருக்கும். முழு ஜெபம் சொல்ல எனக்கு முடியவில்லை, பாதியில் எழுந்து போய்விடுகிறேன். அம்மாவுக்கும் அப்படித்தான். அதனால் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் கோயிலோ, மசூதியோ, எந்தச் சாமியோ எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். தெரியாதவர்கள் உங்கள் வாயில் வருகிறதைச் சொல்லுங்கள். ஆண்டவர் என் அண்ணனின் கழுத்தையும் நெஞ்சையும் அவிழ்த்துவிட்டு, அவனை மூச்சு விடச் செய்ய வேண்டும் என்று எல்லோரும் அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.